உயர்திணையும் அஃறிணையும்

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்தில் அறிவனவற்றுள் ஒன்று திணைப் பாகுபாடாகும். மக்கள் உயர்திணை; ஏனைய உயிர்களும் உயிரில் பொருள்களும் அஃறிணை. ஒன்றனை மற்றொன்றாக மயங்கக் கூறுதல் திணைவழு எனப்படும். இவ்வழு ஏட்டில் நிகழின் ஆசிரியர் திருத்துவர். வாழ்க்கையில் நிகழின் திருத்துவார் யாவர்? ஒரு பெண்ணை அறிவும் விருப்பமும் உடைய ஒருத்தியாகக் கொள்ளாது, பிறர் கண்டு களித்தற்கென அமைந்த உடலாக மட்டும் கொள்ளுதல் அத்தகைய வழுவேயாம். இக்கால அறிஞர் இதனைப் பாலியற் பொருளாக்கம் என்பர். அதன் இயல்பினை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய இம்மானுவேல் கான்ட் என்பார், மனிதரை நம் பயனுக்குரிய வெறுங்கருவியாக மட்டும் கொள்ளலாகாது என 1785-இல் வெளியிட்ட ஒழுக்க நூலில் வற்புறுத்தினார். அமெரிக்க அறிஞர் மார்த்தா நஸ்பாம் அம்மையார் 1995-இல் எழுதிய கட்டுரையொன்றில் பொருளாக்கத்தின் அடையாளங்கள் ஏழினை எடுத்துக்காட்டினார். அவையாவன: ஒருவரைக் கருவியாகக் கொள்ளுதல், அவர்தம் உரிமையை மறுத்தல், அவரைச் செயலற்றவராக எண்ணுதல், அவரிடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்ளலாம் எனக் கருதுதல், அவருக்கு ஊறு செய்தற்குத் தடையில்லை எனக் கருதுதல், விற்கவும் வாங்கவும் கூடிய உடைமையாக நினைத்தல், அவருடைய உள்ளத்துணர்ச்சியைப் பொருட்படுத்தாமை. இவ்வேழனுள் ஆடையின் அளவைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை என்பதை வாசகர் உற்றுநோக்குக.

இவ்வுண்மைக்குச் சான்று தேட நாம் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. திருச்செங்கோட்டினராகிய டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையத்தின் முகப்பு வளைவு ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கிறது. அதன் முதற்படம் 1937-இல் வெளிவந்த 'சதி அகல்யா'. அகலிகையின் கதை பலவாறு வழங்கினும், தமிழ்மக்கள் நன்கறிந்தது அவள் கல்லான கதையேயாம். இந்திரன் அவளை இன்பக் கருவியாகக் கண்டான். முனிவர் மாசுற்ற உடைமையாகக் கண்டார். அவளுள்ளத்தில் நிகழ்ந்தது யாது என வினவினார் இலர். முடிவில் அவள் உண்மையிலேயே ஒரு பொருளாயினாள். கல்லினுள் மறைந்த அவ்வுள்ளத்தைப் புதுமைப்பித்தன் 1943-இல் 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையில் ஆராயப் புகுந்தார். அப்படத்தில் நடித்த கே. தவமணி தேவி இலங்கையினின்று வந்தவர். ஆடவும் பாடவும் வல்லவர். ஆயினும் பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதுவோர் அவருடைய பாட்டினும் உடையையே முதற்கண் எடுத்துரைப்பர். அகலிகையாக நடித்தவருக்கும் அகலிகையின் விதியே வாய்த்தது போலும்!

பிற்காலத்திய சான்று இன்னும் துயரமானது. ஆந்திர நாட்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்த விஜயலட்சுமி என்னும் பெண், ஸ்மிதா என்னும் பெயருடன் திரைக்கு வந்தார். 1980-இல் வெளிவந்த 'வண்டிச்சக்கரம்' படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சில்க். அப்பெயரே அவருடைய பெயராகவும் நிலைத்தது. நம் சேலத்து நெசவாளர் தறியில் நெய்யும் பட்டு, விலை கூறி விற்கவும் தொட்டுப் பார்க்கவும் உரிய பண்டம். ஒரு மனிதப்பிறவிக்கு அப்பண்டத்தின் பெயரே ஊரறிந்த பெயராயிற்று. 1981-இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் கவர்ச்சியற்ற மனைவி வேடத்தில் தம் நடிப்புத்திறனை அவர் காட்டினார். எனினும், பார்ப்போர் வேண்டியது அஃதன்று. கொட்டகையில் அவரைக் கண்டு ஆரவாரித்தோரே வெளியில் அவரை இழித்துரைத்தனர். 1996 செப்டம்பர் 23-ஆம் நாள் சென்னையில் அவர் வாழ்வு முடிந்தது.

இத்தகைய பார்வை நடிகையர்க்கு மட்டுமே தீங்கு செய்வது என எண்ணுதல் தவறு. அமெரிக்க உளநூலார் சிலர் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. கலாசாலை மாணவ மாணவியரைத் தனியறையில் நீச்சலுடையேனும் கம்பளிச் சட்டையேனும் அணியச் செய்து, அவ்வுடையுடனேயே கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் பிறர் ஒருவரும் இல்லை. எனினும், நீச்சலுடை அணிந்த மாணவியர், சட்டை அணிந்த மாணவியரினும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர். மாணவரிடத்து அவ்வேறுபாடு காணப்படவில்லை. பிறர் பார்வையை உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட பெண், தன்னைத் தானே வெளியினின்று பார்க்கத் தொடங்குகிறாள். அறிவுக்குரிய கவனத்தின் ஒரு பகுதி அதிலே கழிகின்றது. தேர்வெழுதும் மாணவியர்க்கு இஃது எத்துணை இழப்பு!

இதற்குப் பரிகாரம் யாது? பெண்டிர் போர்த்துக்கொள்வாராயின் குற்றம் ஒழியும் என்பார் பலர். இக்கூற்று தீமையை நீக்குவதன்று, அதன் மறுபக்கமேயாம். உடலையே விளம்பரமாக்குவோனும், உடலையே குற்றமாக்குவோனும் அவளிடத்து உடலையன்றிப் பிறிதொன்றனையும் காண்கிலர். 1986-இல் இயற்றப்பட்ட, பெண்களை ஆபாசமாகச் சித்திரித்தலைத் தடுக்கும் சட்டம், ஆபாசத்தை மட்டுமன்றிப் பெண்களை இழிவுபடுத்தும் சித்திரிப்பையும் குற்றமெனக் கூறுகின்றது. நாமோ ஆபாசத்தைத் துணியின் நீளத்தால் அளந்து, இழிவை அளக்க மறந்துவிடுகிறோம். முழங்கால் மறையப் புடவை உடுத்தி, ஒரு சொல்லும் பேசாது, விற்பனைச் சரக்கின் அருகில் மற்றொரு சரக்காக நிறுத்தப்பட்ட பெண்ணும் இழிவுபடுத்தப்பட்டவளே. இயேசுநாதர் மலைப்பிரசங்கத்தில், இச்சையோடு பார்ப்பவனைக் கடிந்து, இடறலுண்டாக்கும் தன் கண்ணைப் பிடுங்கி எறியுமாறு அவனுக்கே கூறினார். பெண்ணை முகம் மூடச் சொன்னாரில்லை. பொறுப்பு பார்ப்பவனுடையது என்பதே அதன் கருத்து.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு படத்தையோ விளம்பரத்தையோ காணுங்கால் நாம் வினவவேண்டுவன மூன்று: இப்பெண்ணுக்கு இங்கே பெயருண்டா? அவள் தானாக விரும்பிச் செய்யும் செயல் ஏதேனும் உண்டா? அவளை நீக்கி மற்றொருத்தியை நிறுத்தினால் ஏதேனும் வேறுபாடு தோன்றுமா? மூன்றற்கும் விடை இல்லை என்பதாயின், அங்கே திணைவழு நேர்ந்துள்ளது என்க. அவ்வினாக்களைத் திரையோடு நிறுத்தாது, விடுதியறையில் நாம் பேசும் பேச்சிற்கும், பேருந்தில் நாம் செலுத்தும் பார்வைக்கும், பெண் பார்க்கச் செல்லும் நாளில் நாம் கேட்கும் கேள்விகளுக்கும் உரியனவாக்குவோமாக.