விளையாட்டில் மறைந்துள்ள சூது: ஓர் அறநெறி நோக்கு

வட சென்னையின் கடற்கரைச் சபைகளில் பணியாற்றும் போதகர்களுக்குக் கோடைக்காலம் எளிதான காலம் அன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. காசிமேட்டில் படகுகள் கட்டப்பட்டுக் கிடக்கும்; சேமிப்பு கரையும். அத்தகையதொரு தடைக்காலத்தில், சில ஆண்டுகளுக்கு முன், கருவாடு விற்றுப் பிழைக்கும் ஒரு தாய் தம் பதினான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். தடைக்காலச் செலவுக்கென வங்கியில் சேர்த்திருந்த 23,000 ரூபாயில் 400 ரூபாய் கூட எஞ்சவில்லை. 80, 160, 400 எனச் சிறு சிறு தொகைகளாக இரண்டு மாதங்களில் பணம் போயிருந்தது. அதை எடுத்தவன் அந்தச் சிறுவனே.

அவன் சீட்டாடவில்லை, பந்தயம் கட்டவில்லை. "நான் சூதாடலை ஐயா, பெட்டிதான் திறந்தேன்" என்றான். கைபேசியில் அவன் விளையாடிய போர் விளையாட்டில், காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளை அவன் குறிப்பிட்டான். தாயோ என்னை நோக்கி, "இவன் திருடினானா, இவன்கிட்ட இருந்து திருடினாங்களா, நீங்களே சொல்லுங்க ஐயா" என்று கேட்டார். அன்று என்னிடம் தெளிவான விடை இல்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெட்டி இயங்கும் விதம்

இவ்வகை விளையாட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீரனின் உடை, துப்பாக்கியின் வண்ணம் முதலியவற்றை விற்றே நிறுவனங்கள் பொருள் ஈட்டுகின்றன. விலை குறித்து ஒரு பொருளை நேரடியாக விற்பது வாணிகம். அது பற்றி ஈண்டு நாம் பேசவில்லை. உள்ளே இருப்பது இன்னதென அறியாமலே காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்க வைப்பதே நம் ஆய்வுக்குரியது. இதனை ஆங்கிலம் அறிந்தோர் லூட் பாக்ஸ் என்பர். ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் பொம்மை அடங்கிய குமிழ் விழும் இயந்திரத்தின் பெயரால் காச்சா என்று வழங்குகிறது.

இது நமக்கு முற்றிலும் புதியது அன்று. எழுபதுகளில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்கும். ஐந்து பைசா கொடுத்து அதில் ஒட்டியுள்ள ஒரு சீட்டைக் கிழித்தால் எண் தெரியும். எண்ணுக்கேற்பப் பலூனோ மோதிரமோ கிடைக்கும். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எனினும் அந்த அட்டைக்கும் இன்றைய பெட்டிக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. அட்டையில் எத்தனை சீட்டுகள் எஞ்சியுள்ளன என்பதைக் கண்ணால் காணலாம். பெட்டிக்கு முடிவே இல்லை. அட்டையின் விலை காசாகவே கையை விட்டுச் சென்றது; கைபேசியிலோ ரூபாய் முதலில் வைரமாகவோ நாணயமாகவோ மாற்றப்படுகிறது; செலவழிப்பது பணம் என்னும் உணர்வே மங்கிவிடுகிறது. அட்டைக்கு நம்மைத் தெரியாது. விளையாட்டு நிறுவனமோ சிறுவன் எந்நேரம் விளையாடுகிறான், எதை விரும்புகிறான் என்பதைக் கணக்கிட்டு, "இன்று இரவு மட்டுமே" என்று அவன் முன் சக்கரத்தைச் சுழற்ற வல்லது.

நிகழ்தகவை எண்ணிப் பார்ப்போம். ஓர் அரிய உடை கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று அறிவிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நூறு முறை திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்றே சிறுவன் எண்ணுவான். அது பிழை. நூறு சிறுவர்கள் ஆளுக்கு நூறு பெட்டிகள் திறந்தால், அவர்களுள் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பர். ஒரு பெட்டி 40 ரூபாய் எனில், ஒவ்வொருவனும் இழந்தது 4,000 ரூபாய். இத்தனை முறைக்குப் பின் நிச்சயம் தருவோம் என்று வாக்களிக்கும் விளையாட்டுகளும் உள. அவ்வாக்குறுதியும், "இவ்வளவு செலவழித்த பின் நிறுத்துவதா?" என்னும் எண்ணத்தையே வளர்க்கிறது.

எப்போது பரிசு வரும் என்பது தெரியாதபோதே உயிரினங்கள் ஒரு செயலை விடாமல் மீண்டும் மீண்டும் செய்கின்றன என்பதை உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். சூதாட்ட இயந்திரங்களும் பரிசுப் பெட்டிகளும் இவ்வொரே அடிப்படையில் அமைந்தவை. சென்டில், கேன்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டச் சிக்கல் மிகுந்தோர் பெட்டிகளுக்கும் மிகுதியாகச் செலவிடுகின்றனர் என்று கண்டனர். பெட்டி சூதுக்கு வழிகாட்டுகிறதா, சூதில் சிக்கியோரைப் பெட்டி ஈர்க்கிறதா என்பதை அவ்வாய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. இரண்டில் எது உண்மையாயினும் மேய்ப்பனுக்கு அது கவலை தரும் செய்தியே.

இத்தொழிலில் வருவாயின் பெரும்பகுதி மிகச் சிலரிடமிருந்தே வருகிறது. அவ்வாறு அளவின்றிச் செலவழிப்போரைத் தொழில்துறையினர் "திமிங்கிலங்கள்" என்று அழைக்கின்றனர். மீன்பிடிப்போரின் பிள்ளைகள் அங்கே மீன்களாக எண்ணப்படுகின்றனர். சூதில் வரும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

2. சட்டம் கூறுவதும் கூறாததும்

தமிழகம் இச்சிக்கலைப் பல வடிவங்களில் கண்டுள்ளது. 1968இல் அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2003இல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தில் பணம் இழந்தோரின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்தபோது, 2020இல் அவசரச் சட்டமும் 2021இல் திருத்தச் சட்டமும் வந்தன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. பின்னர் நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. எனினும் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி அவற்றின் மீதான தடையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது.

இச்சட்டங்கள் அனைத்தும் முதன்மையாக நோக்குவது பணத்தைப் பந்தயம் வைத்துப் பணம் பெறுவதையே. சிறுவனின் பெட்டியிலிருந்து வருவதோ விற்க இயலாத ஓர் உடையின் படம். "பணமாக மாற்ற இயலாத பரிசு எவ்வாறு சூதாகும்?" என்பதே நிறுவனங்களின் வாதம். பிற நாடுகள் இதற்கு ஒரே விடை கூறவில்லை. ஜப்பான் 2012இல், பல பரிசுகளைத் தொகுப்பாகச் சேர்த்தால் மட்டுமே பெரும்பரிசு கிடைக்கும் ஒரு முறையைத் தடுத்தது. சீனா 2017 முதலும் தென் கொரியா 2024 முதலும் நிகழ்தகவை வெளியிடுமாறு கட்டளையிட்டன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு செய்தது. நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றமோ ஒரு கால்பந்து விளையாட்டுக்கு விதிக்கப்பட்ட ஒரு கோடி யூரோ தண்டத்தை 2022இல் நீக்கியது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், கென்ஷின் இம்பாக்ட் என்னும் விளையாட்டின் நிறுவனத்தார் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோரின் இசைவின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பெட்டி விற்காதிருக்கவும் 2025 ஜனவரியில் வழி செய்தது.

அறிஞரும் அரசுகளும் வேறுபடும் இடத்தில் நாம் ஒன்றை மறத்தலாகாது. "பரிசு பணமா?" என்பது சட்டத்தின் கேள்வி. "அயலானுக்கு நேர்ந்தது யாது?" என்பது அறத்தின் கேள்வி.

3. திருமறையின் ஒளியில்

சூதாடாதே என்னும் நேரடிக் கட்டளை திருமறையில் இல்லை. சீட்டுப் போடுதல் பல இடங்களில் வருகிறது. யோசுவா சீலோவில் சீட்டுப் போட்டு நிலத்தைப் பங்கிட்டார் (யோசுவா 18). யூதாசின் இடத்திற்கு மத்தியா அவ்வாறே தெரிந்தெடுக்கப்பட்டார் (அப்போஸ்தலர் 1). சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர் (யோவான் 19). செயல் ஒன்றே, ஆயினும் சீலோவில் ஒவ்வொரு கோத்திரமும் தன் பங்கைப் பெற்றது, சிலுவையடியில் துன்புறும் ஒருவரின் உடைமை மற்றவர்க்கு ஆதாயமாயிற்று. எனவே தற்செயல் தன்னளவில் தீமை அன்று. அது யாருடைய நன்மைக்கு, யாருடைய இழப்பில் இயங்குகிறது என்பதே வினா. நம் தெருக்களில் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டையும் இவ்வாறே காணலாம். அங்கே குலுக்கல் முறைவரிசையை மட்டுமே தீர்மானிக்கிறது. நேர்மையாக நடத்தப்பட்டால் எவர் பணமும் மறைவதில்லை.

பரிசுப் பெட்டிக்கு மிக அண்மையான வசனம் சூது பற்றியது அன்று. லேவியராகமம் 19:14 ஆகும். குருடனுக்கு முன் இடறுகல் வைத்தலை அது விலக்குகிறது. நிகழ்தகவு விளங்காத சிறுவன், விலை புரியாத நாணயம், காலக்கெடு என்னும் நெருக்கடி ஆகிய மூன்றையும் ஒருங்கே அமைப்பவன், காண இயலாதவன் முன் அறிந்தே கல்லை வைக்கிறான். ஆமோஸ் 8:5 அளவையைச் சிறிதாக்கும் வணிகரைக் கண்டிக்கிறது. ரூபாயை வைரமாக்கி அளவையையே மறைப்பது அதன் புதிய வடிவம் எனலாம். சிறியோருக்கு இடறல் உண்டாக்குவோரைக் குறித்த ஆண்டவரின் கடுமொழி (மத்தேயு 18:6) நாம் அறிந்ததே. ஜான் வெஸ்லியும் 1760இல் வெளிவந்த பணத்தைப் பற்றிய தம் அருளுரையில், அயலானின் பொருளுக்குக் கேடு செய்து ஈட்டும் வழிகளுள் சூதையும் சேர்த்து விலக்கினார்.

இங்கு ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "கடல் தொழிலே சூதுதானே ஐயா? டீசல் போட்டுப் போகிறோம், மீன் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை" என்று ஒரு மூத்த மீனவர் என்னிடம் கூறியதுண்டு. அவர் கூற்றில் துயரம் உண்டு. டிசம்பர் 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, எவ்வளவு உழைத்தும் வலையில் எண்ணெயே வந்தது. ஆயினும் வேறுபாடு பெரிது. கடலின் நிச்சயமின்மை படைப்பில் உள்ளது. அதனை எவரும் மீனவனை ஏய்க்க வடிவமைக்கவில்லை. அவன் உழைக்கிறான்; அவன் பெறும் மீன் ஊருக்கு உணவாகிறது; பாடு நன்றாயிருந்தால் படகில் சென்ற அனைவரும் பங்கு பெறுகின்றனர். பெட்டியின் நிச்சயமின்மையோ விலைக்கு விற்கவே செய்யப்பட்டது. நிலையற்ற வருவாயில் வாழும் குடும்பங்களிடமே அதனை விற்பது இரட்டைக் கொடுமை.

மற்றொரு தடை, "விளையாட்டே தீயது என்கிறீரா?" என்பது. அல்லவே அல்ல. எருசலேமின் மீட்பைக் கனவு கண்ட சகரியா, அதன் வீதிகளில் விளையாடும் பிள்ளைகளையும் கண்டார் (சகரியா 8:5). வட சென்னையின் கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் நமக்குப் பெருமை சேர்ப்பவை. ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகையில் தோற்றவன் கற்றுக்கொண்டு மீள்கிறான். பெட்டியில் தோற்றவன் மறுபடி காசு கட்ட அழைக்கப்படுகிறான். கைபேசி விளையாட்டிலும் நட்பும் திறமையும் உண்டு. அவற்றின் மீது இந்த உண்டியலைப் பொருத்தியதையே நாம் எதிர்க்கிறோம்.

4. திருச்சபை செய்யத்தக்கவை

முதலாவது, நம் வீட்டை நோக்குவோம். அறுப்பின் பண்டிகையில் "லக்கி டிப்" சீட்டு விற்று நிதி திரட்டும் சபைகள் பல. தொகை சிறிது, நோக்கம் நன்று என்போம். பத்து ரூபாய்ச் சீட்டை ஆலய வளாகத்தில் பிள்ளைக்கு விற்றுவிட்டு, கைபேசியின் பெட்டியைப் பீடத்திலிருந்து கண்டித்தால் அவன் நம்பமாட்டான். அவ்வழக்கத்தை விட்டொழிப்பது நம் சொல்லுக்கு வலிமை தரும்.

இரண்டாவது, பெற்றோருக்குக் கற்பித்தல். பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் தராதிருத்தல், செயலிக் கடையில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்தல், பணம் போனது தெரிந்தவுடன் அக்கடைக்கு முறையிட்டுத் திரும்பக் கோருதல் ஆகியவற்றைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். மேற்கூறிய நிகழ்தகவுக் கணக்கை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். அறிவுரையைவிடக் கணக்கு அவர்களை ஆழமாகத் தொடும்.

மூன்றாவது, வீழ்ந்தவரை வெட்கப்படுத்தாதிருத்தல். விளையாட்டு மீதான கட்டுப்பாடற்ற நாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. தேவைப்படுமிடத்து மருத்துவ உதவியை நாடுதல் விசுவாசக் குறைவு அன்று. அரசின் மனநல உதவி எண் 14416 நம் அறிவிப்புப் பலகைகளில் இடம்பெறலாம்.

நான்காவது, விளையாட இடம் தருதல். ஆலைகளும் சரக்குப் பெட்டக முனையங்களும் லாரிகளும் நிறைந்த திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு மைதானம் அரிது. நம் ஆலய வளாகங்களோ வார நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். சிறுவன் தாயின் பணத்தைக் கேளாமல் எடுத்தான், அது பிழை. அதனை அவன் அறிக்கையிட்டு, விடுமுறையில் தாயோடு சந்தைக்குச் சென்று உழைத்து ஓரளவு ஈடு செய்தான். ஆயினும் அவனிடமிருந்தும் எடுக்கப்பட்டது. அதனை எடுத்தோரிடம் கணக்குக் கேட்க எவரும் வரவில்லை. இரண்டையும் ஒருங்கே கூறுவதே மேய்ப்பனின் விடை என இன்று கருதுகிறேன். முதற்பாதியை மட்டும் கூறினால் சிறுவனை நசுக்குவோம். இரண்டாம் பாதியை மட்டும் கூறினால் அவன் மனச்சான்றை உறங்கச் செய்வோம். அக்குடும்பத்திற்கு அடுத்த தடைக்காலம் வருமுன் சபையின் உதவி நிதியிலிருந்து ஒரு சிறு தொகை அளிக்கப்பட்டது. ஆலயத்தின் பின்புறம் இப்போது இரண்டு கேரம் பலகைகள் உள்ளன.