முகாமில் பிறந்த தலைமுறை

தூத்துக்குடி மாவட்டத்தில் தாளமுத்துநகர், தாப்பாத்தி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரைச் சில காலம் தங்கிச் செல்வோராகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்த முதல் தலைமுறையினர்க்கு அவ்வெண்ணம் பொருந்தும். போர் ஓய்ந்ததும் ஊர் திரும்புவோம் என்றே அவர்கள் காத்திருந்தனர். அவர்தம் பிள்ளைகள் இங்கே பயின்று, வர்ணம் பூசுதல் போன்ற நாட்கூலி வேலைகளில் அமர்ந்தனர். பேரப்பிள்ளைகளுக்கோ மன்னாரும் வவுனியாவும் பாட்டி சொல்லும் ஊர்களே. வீட்டில் ‘கதைக்கிற’ பிள்ளை தெருவில் ‘பேசுகிறது’. இவர்களுள் மலையகத்தாரும் உளர். அவர்தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்தே தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பழக்கத்தால் இவ்வூராராகிய இவர்களைச் சட்டம் பிறந்த நாளைக்கொண்டு பிரிக்கிறது. இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாயிருத்தலும் ஆகாது. எனவே ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன் என்னும் நிலை நேரிடக்கூடும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இலங்கையரைச் சேர்க்கவில்லை. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாறிற்று; குடியுரிமை மாறவில்லை. முகாமில் ஊழியஞ்செய்யும் போதகர், ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த நாளையும் இடத்தையும் பிழையின்றி எழுதுவதோடு, அரசின் பிறப்புச் சான்றிதழ் பெறப்பட்டதா என்றும் பெற்றோரை வினவுவாராக.