கொட்டகைக் கூரையில் 72,000 லிட்டர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் தகரக் கொட்டகையில் ஆண்டுக்கு 900 மி.மீ. மழை விழுந்தால் 90,000 லிட்டர். சேதாரம் 20 சதவீதம் போக, 72,000 லிட்டர் தேறும். மாட்டுக்குத் தினமும் 60 லிட்டர் என்றால், நான்கு கறவை மாடுகள் 300 நாள் குடிக்கும் தண்ணீர் இது.

தமிழகத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆனால், பல இடங்களில் வடிகட்டும் தொட்டி மண்மூடிக் கிடக்கிறது. புரட்டாசியிலேயே கூரையைப் பெருக்கி, தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அலசிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையைத் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புங்கள். சாணத் தண்ணீர் கலக்கக் கூடாது. பள்ளி, சமுதாயக்கூடக் கூரைகளையும் இப்படியே ஊர்ப் பொதுக்கிணற்றோடு இணைத்தால், கோடையில் குடத்தோடு அலைவது குறையும்.