இளம் வீரரும் ஆதரவு ஒப்பந்தமும்

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த ஊர்களும் இடுக்கி மலைகளும் ஓட்டத்திற்கும் தாண்டலுக்கும் பெயர் பெற்றவை. முண்டூரில் வளர்ந்த பி. யு. சித்ரா, 2017-ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இடுக்கி மாவட்டத்தவரான பிரீஜா ஸ்ரீதரன், 2010-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சிறாரும் இம்மண்ணிலேயே ஓடிப் பழகுகின்றனர். அவருள் ஒருவர் பள்ளி விளையாட்டு விழாவில் வென்றவுடன், காலணியும் மாத உதவித்தொகையும் தருவதாகக் கூறி ஒரு நிறுவனத்தார் ஆங்கில ஒப்பந்தத்துடன் வீட்டு வாயிலுக்கு வரக்கூடும். அப்பொழுது பெற்றோர் செய்யத்தக்கது யாது என்பதை இங்குக் காண்போம்.

முதலில் சட்டத்தின் நிலையை அறிதல் நன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர் அல்லர். அவர் இட்ட கையொப்பம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 1903-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் தந்தை கையொப்பமிட்டால் போதாதோ என்று கேட்கலாம். திரைப்படத்தில் நடிக்கவிருந்த ஒரு சிறுமியின் பொருட்டு அவர் தந்தை செய்த ஒப்பந்தம், 1948-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. தயாரிப்பாளர் அவ்வேடத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டார். ஆயினும் சிறுமியின் உறுதிமொழிக்குச் சட்ட வலிமை இன்மையால், அவ்வொப்பந்தத்தைக் கொண்டு தந்தையோ மகளோ வழக்காட இயலாது என்று முடிவாயிற்று.

இதனால் நாம் பெறும் பாடம் தெளிவானது. பிற்காலத்தில் தருவோம் என்னும் பெரிய வாக்குறுதியினும், முன்னரே கைக்கு வரும் சிறிய உதவி மேலானது. காலணி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு, மாதத் தொகை ஆகியவற்றை முன்கூட்டியே தவணை முறையில் கேட்டுப் பெறுக. ஒப்பந்தக் காலம் குறுகியதாக இருத்தல் வேண்டும். 18 வயது நிறைந்த நாளில் வீரர் தாமே மீண்டும் ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமையும் வேண்டும்.

நிறுவனங்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தின் கால்பந்து வீரர் வெய்ன் ரூனி, 2000-ஆம் ஆண்டில், தம் 15-ஆம் வயதில் ஒரு முகவர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். பின்னர் அவர் வேறு நிறுவனத்தை நாடவே வழக்கு எழுந்தது. வயது நிரம்பாத நிலையில் செய்த அவ்வொப்பந்தத்தை விலக்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று 2006-இல் ஆங்கில நீதிமன்றம் கூறிற்று. ஆதலின் இத்துறையில் நிலைப்பது நல்லெண்ணத்தால் நிலைக்கும் உறவே.

இனி, தாளில் உள்ள விதிகளைப் பார்ப்போம். வீரரின் உருவப்படத்தை எவ்வளவு காலம், எந்த விளம்பரங்களில் பயன்படுத்துவர்? தேர்வுக் காலத்தில் விளம்பரப் படப்பிடிப்புக்கு அழைப்பரோ? காயமுற்றால் உதவி நிற்குமோ? ஊட்டச்சத்துப் பொருள் விற்கும் நிறுவனமாயின் இன்னும் விழிப்பு வேண்டும். தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் காணப்பட்டால், அது எவர் தந்ததாயினும் பொறுப்பு வீரரையே சாரும். எனவே விளம்பரத்தில் தோன்றலாம், ஆனால் அப்பொருளை உண்ணும் கடமை இல்லை என்று எழுதிப் பெறுக.

காயம் பற்றிய விதி வெறும் கற்பனை அன்று. பாலக்காட்டின் நீளந்தாண்டல் வீரர் ஸ்ரீசங்கர், 2024-இல் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்றுப் பாரிசு ஒலிம்பிக்கை இழந்தார். அவருடைய தந்தை முரளியே அவர்தம் பயிற்சியாளர். தாயும் முன்னாள் ஓட்ட வீராங்கனை. 2021-இல் டோக்கியோவில் 7.69 மீட்டர் மட்டுமே தாண்டியபோது, தந்தையின் பயிற்சி குறித்துத் தடகளச் சம்மேளனத்தார் அதிருப்தி தெரிவித்தனர். எனினும் மகன் தந்தையிடமே பயின்று, 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார்.

பெற்றோரின் ஈடுபாடு குறையாகாது என்பதற்கு இது சான்று. ஆயினும் எல்லாத் தாய் தந்தையரும் விளையாட்டு வல்லுநர் அல்லர். தந்தை என்ற நிலையும், பயிற்சியாளர் என்ற நிலையும், பேரம் பேசுபவர் என்ற நிலையும் ஒருவரிடமே சேரும்போது, பிள்ளையின் களைப்பைச் சொல்ல வீட்டில் ஆள் இராது. எனவே பேரத்திற்கு வழக்கறிஞர் ஒருவரையோ நம்பத்தக்க ஆசிரியரையோ உடன் வைத்துக்கொள்ளுதல் நலம். ஆங்கிலத் தாளின் ஒவ்வொரு விதியையும் அவர் தமிழில் எடுத்துரைக்கட்டும். பொருள் விளங்காத தாளில் கையொப்பம் வேண்டா. வரும் பணம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேரட்டும். வீட்டுக் கடனுக்கு அதில் எடுக்க நேர்ந்தால், பிள்ளை அறிய எடுத்துக் கணக்கில் குறித்து வைப்பது முறை.

இறுதியாக ஒன்று. பேச்சு நடக்கும் அறையில் பிள்ளையும் அமர்ந்திருக்கட்டும். ஓடப்போவது அக்கால்கள், எனக்கு வேண்டா என்று சொல்லும் உரிமையும் அப்பிள்ளைக்கு உண்டு. அதனைக் கேட்டபின் பெற்றோர் எடுக்கும் முடிவே நன்முடிவாகும்.