வாசப்படி தாண்டாத குட்டிக்கு ஊரைக் காட்டுவது எப்படி?

இந்த மாதம் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம்.

"எங்க வீட்டுக் குட்டிக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது. தெருவுல மத்த நாய்ங்களோட விளையாட விடலாமா மாமா?"

நம் அம்மாபேட்டைப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அருமையான கேள்வி. நாய் வளர்க்கும் பெரியவர்கள் பலருக்கே இதைக் கேட்கத் தோன்றுவதில்லை.

பாட்டியிடம் கேட்டால், "வெளியே விடாத சாமி, சீக்கு வந்துரும்" என்பார். பக்கத்து வீட்டு அண்ணனோ, "அடைச்சே வெச்சா, பெருசானப்புறம் பாக்குற நாய் மேலயெல்லாம் பாயும்" என்பார். இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வா, ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது. மோப்பம் பிடித்தே தாயின் மடியைத் தேடிப் போகும். ஏறக்குறைய 2 வாரத்தில் கண் திறக்கும். 3-வது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். அன்றிலிருந்து அதன் மூளை ஒரு பெரிய வேலையில் இறங்குகிறது. எதெல்லாம் வழக்கமானது, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பிரித்து வைத்துக்கொள்ளும் வேலை அது.

நம் ஊரில் தறிப்பட்டறை ஓரமாகக் குட்டி போட்ட நாயை நீ பார்த்திருப்பாய். உள்ளே விசைத்தறி தடதடவென்று ஓடும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே சுவரை ஒட்டிக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் ஏதாவது ஒரு குட்டி தலையைத் தூக்கிப் பார்க்கும்!

அதே பட்டறைக்கு, காட்டுவீட்டில் தனியாக வளர்ந்த 5 மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து பார். பெரும்பாலும் நடுங்கிப்போய் எங்காவது இடுக்கில் புகுந்துகொள்ளும். காது திறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் பட்டறைக் குட்டிக்கு அது ஒரு சத்தமே இல்லை. மற்ற நாய்களும் அப்படித்தான். சின்ன வயதில் பார்த்துப் பழகினால் அவை கூட்டாளிகள். பார்க்காமலே வளர்ந்தால் அவை பயமுறுத்தும் பொருள்கள்.

இதை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்தார்கள். அதே ஆய்வகத்தில் வேறு சிலர் செய்த ஆய்வு ஒன்று 1961-இல் வெளிவந்தது. உயரமான வேலி போட்ட வயலில் குட்டிகளைத் தாயோடு விட்டார்கள். மனிதர் யாரும் கிட்டே போகவில்லை. பிறகு சில குட்டிகளை 2-வது வாரத்தில், சிலவற்றை 3-வது வாரத்தில், மற்றவற்றை 5, 7, 9-வது வாரங்களில் எடுத்துவந்து, ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். சில குட்டிகளை மட்டும் 14 வாரம் வரை தொடவே இல்லை.

என்ன ஆயிற்று தெரியுமா? இடையில் பழகிய குட்டிகளில் பெரும்பாலானவை பிறகும் மனிதரோடு ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை யாரையும் பார்க்காத குட்டிகளோ காட்டு விலங்கு போல மிரண்டு ஓடின. எவ்வளவு அன்பு காட்டியும் அவற்றைப் பழக்குவது பெரும்பாடாகிவிட்டது.

அது மனிதரோடு பழகும் சோதனை. மற்ற நாய்களோடு பழகுவதற்கும் குட்டிக்கு அதுதான் பருவம். சுமார் 3-வது வாரத்தில் தொடங்கி 12, 14-வது வாரத்தில் முடிகிற பருவம்.

உன் பள்ளிக்கூட கேட்டை நினைத்துக்கொள். மணி அடிக்கும்வரை பெரிய கேட் விரியத் திறந்திருக்கும். எல்லாரும் சைக்கிளோடு நேராக உள்ளே போகலாம். மணி அடித்த பிறகு வாட்ச்மேன் அதைச் சாத்திவிட்டுச் சின்னக் கதவை மட்டும் திறந்துவைப்பார். அதன் வழியாகவும் உள்ளே போகலாம். ஆனால் ஒவ்வொருவராக, குனிந்து, காரணம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். 14 வாரம் ஆன குட்டியின் மூளையும் முழுசாகப் பூட்டிக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ளும். ஆனால் மெதுவாக, நம் பொறுமையைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்.

இதுவரை புரிந்ததா? அப்படியானால் அண்ணன் சொன்னது சரி. இனி பாட்டி பக்கம் போவோம்.

பாட்டி பயப்படும் சீக்குகளில் மோசமானது பார்வோ. அது ஒரு வைரஸ். 1978 வாக்கில்தான் உலகம் அதை முதலில் கண்டுகொண்டது. இரண்டே வருடத்தில் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எவ்வளவு சின்னது தெரியுமா? உன் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பார். அந்த இடைவெளியில் சுமார் 40,000 பார்வோ வைரஸை வரிசையாக நிறுத்தலாம்!

நோய் வந்த நாயின் மலத்தில் அது கோடிக்கணக்கில் வெளியே வரும். மலம் காய்ந்து மண்ணோடு மண்ணாகப் போன பிறகும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். குட்டி அந்த மண்ணை மோந்தால், நக்கினால் போதும், குடலுக்குள் போய்விடும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சுருண்டு படுத்தல் என்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது.

நம் செருப்பில் ஒட்டிக்கொண்டும் அது வீட்டுக்குள் வரும். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் வழக்கம் குட்டிக்கு எவ்வளவு நல்லது பார்த்தாயா!

"தடுப்பூசி போட்டாச்சே மாமா, இனி என்ன பயம்?" என்று நீ கேட்பாய். அப்படிக் கேட்டால் நீ கெட்டிக்காரன். கெட்டிக்காரி. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒளிந்திருக்கிறது.

கன்று ஈன்றதும் மாடு கறக்கும் சீம்பால் தெரியும்தானே? நாய்க்கும் சீம்பால் உண்டு. பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் அந்தப் பாலில், நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயிடமிருந்து குட்டிக்கு வந்துசேரும். குட்டியின் உடம்பு சொந்தமாகச் சண்டை போடக் கற்கும்வரை அவைதான் காவல்.

ஆனால் தாய் கொடுத்த காவலுக்கு எது நோய், எது தடுப்பூசி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தடுப்பூசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். குட்டியின் உடம்பு பாடம் கற்பதற்குள் பாடப் புத்தகமே காணாமல் போய்விடும்.

தாயின் காவல் நாளாக நாளாகக் குறையும். சில குட்டிகளுக்கு 6-வது வாரத்திலேயே குறைந்துவிடும். சிலவற்றுக்கு 16-வது வாரம் வரைகூட நீடிக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் ஆகும்வரை விடாமல் போடுகிறார்கள். ஏதாவது ஒரு ஊசியாவது சரியான நேரத்தில் விழுந்துவிடும் அல்லவா?

இதில் ஒரு பொல்லாத இடைவெளி உண்டு. தாயின் காவல் நோயைத் தடுக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும். ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கிற அளவுக்கு மீதி இருக்கும். அந்த நாட்களில் ஊசி போட்ட குட்டிக்கும் நோய் வரலாம். இந்தப் பத்தி புரியவில்லையா? பரவாயில்லை, இன்னொரு முறை நிதானமாகப் படி. புரிந்துவிடும்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பழகும் பருவம் 14-வது வாரத்தோடு முடிகிறது. ஊசிகள் முடிய 16-வது வாரம் ஆகிறது. ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். இப்போதே தெருவில் விட்டால் உயிருக்கு ஆபத்து.

வழி இருக்கிறது. அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டியை, 7, 8 வாரத்திலேயே, சுத்தமான இடத்தில் மற்ற குட்டிகளோடு பழக்கத் தொடங்கலாம் என்றது. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் அதை நம் தெருவுக்குத் தக்கபடி செய்யவேண்டும்.

குட்டியின் கால் தெருமண்ணில் படக் கூடாது. கண்ணும் காதும் மூக்கும் தாராளமாக வெளியே போகலாம்! குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொள். அப்பாவோடு வாசலில் உட்கார். டவுன் பஸ் போகட்டும், பால்காரர் வரட்டும், எதிர்த் தெரு நாய் குரைத்துக்கொண்டு ஓடட்டும். மடியில் இருந்தபடியே குட்டி பார்க்கட்டும். ஆடி மாத வண்டி வேடிக்கைக்குக் கூட்டத்துக்குள் மட்டும் தூக்கிப் போய்விடாதே. அந்த மேளமும் வெடியும் அதற்கு ரொம்ப அதிகம். இரண்டு தெரு தள்ளிக் கேட்டால் போதும்.

அடுத்து, ஒரே ஒரு நல்ல பெரிய நாய். யார் வீட்டு நாய் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஊசியும் போட்டிருக்க வேண்டும். நிதானமான நாயாக இருக்க வேண்டும். சந்திக்கும் இடம் உங்கள் வீட்டு மொட்டைமாடி. வெளிநாய் ஏறாத இடம் அல்லவா? வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். பெரிய நாயின் கயிறு ஒரு பெரியவர் கையில், தொய்வாக இருக்கட்டும். குட்டியைக் கொண்டுபோய் அதன் முகத்துக்கு நேரே நீட்டாதே. தரையில் விடு. அது தானாகப் போகட்டும், தானாகத் திரும்பி வரட்டும். சில நிமிடம் போதும். உன் உள்ளங்கை அகலக் குட்டிக்குப் பெரிய நாய் விளையாட்டாய் ஒரு கால் வைத்தாலே எலும்பு முறியலாம். அதனால் கண்ணை எடுக்காதே.

விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்? முன்னங்காலைத் தரையில் நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை மேலே தூக்கி நின்றால், "வா, விளையாடலாம்" என்று அர்த்தம். துரத்துகிற நாய் சற்று நேரத்தில் ஓடுகிற நாயாக மாறினால் அது விளையாட்டு. சந்தேகம் வந்தால், துரத்தும் நாயை ஒரு பெரியவர் சற்றுப் பிடித்துக்கொள்ளட்டும். குட்டி தானே திரும்பி அதனிடம் வந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது. ஓடிப்போய் உன் காலுக்குப் பின்னால் நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். வாலைக் காலிடுக்கில் செருகுவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வெறும் உதட்டை நக்குவது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். "பழகட்டும்" என்று அப்போது மறுபடி தள்ளாதே. பயந்த ஒரு சாயங்காலம் குட்டியின் மனதில் நெடுநாள் தங்கிவிடும்.

முக்கியமான முதல் பாடம் உன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அண்ணன் தங்கைக் குட்டிகளோடு உருளும்போது ஒன்று பலமாகக் கடித்தால் கடிபட்டது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். இவ்வளவு பலமாகக் கடிக்கக் கூடாது என்று குட்டி கற்பது அங்கேதான். ஒரு மாதக் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நம் நாட்டில் 2017-இலேயே விதி வந்துவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று எந்த இனமாக இருந்தாலும் 8 வாரம் தாயோடு இருக்கட்டும்.

இன்னொன்று. எந்த நாய் கடித்தாலும், நகம் பட்டுக் கீறினாலும், அது உன் சொந்தக் குட்டியாகவே இருந்தாலும், மறைக்காதே. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. உடனே அம்மாவிடம் சொல். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசமாகப் போடுவார்கள். குட்டிக்கும் 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். எந்த ஊசி எந்த வாரம் என்று உங்கள் கால்நடை டாக்டரிடம் நீயே கேள். நம் பக்கத்து டாக்டர்களில் பலர், 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். கேள்வி கேட்கும் பிள்ளைகளை அவர்களுக்குப் பிடிக்கும்.

கடைசியாக, உனக்கு ஒரு ஆராய்ச்சி. 2007-இல் இத்தாலி விஞ்ஞானிகள் 30 நாய்களின் வாலைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைப் பார்த்தபோது வால் வலப்பக்கம் அதிகமாக ஆடியது. மிரட்டலான வேற்று நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாக ஆடியது. மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆட்டுவிப்பதுதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள்.

உன் குட்டி மாடியில் அந்தப் பெரிய நாயைச் சந்திக்கும்போது அம்மாவின் போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடி. குட்டிக்கு நேர் பின்னால் நின்று பிடித்தால்தான் அதன் வலப்பக்கமும் உன் வலப்பக்கமும் ஒன்றாக இருக்கும். முதல் நாள் ஒரு படம், பத்தாவது நாள் ஒரு படம். இரண்டையும் பார்த்து, வால் எந்தப் பக்கம் அதிகமாகப் போகிறது என்று எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதி வை.