நோயும் பெயரும்: பாபி காம்பெல் வாழ்வு பற்றிய ஒரு சொல்லாராய்ச்சி

நோயுற்றாரை எப்பெயரால் சுட்டுவது என்னும் வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் உரியதாம். நம் நாட்டில் குட்டநோய் கொண்டாரை அந்நோயின் பெயராலேயே அழைத்து, அவர்தம் இயற்பெயரை ஊரார் மறந்த நிலை நெடுங்காலம் இருந்தது. அங்ஙனம் பிறர் இட்ட பெயரை ஏலாது, தமக்கு வேண்டும் பெயரைத் தாமே நாட்டிக்கொண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவர், அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்த பாபி காம்பெல் என்னும் ஆண் செவிலியர்.

1952-இல் பிறந்த காம்பெல், செவிலியர் கல்வி பெற்று 1975-இல் அந்நகரை அடைந்தார். நகரின் காஸ்ட்ரோ தெருவும் அதன் சூழலும் அக்காலத்தே தன்பாலீர்ப்பினர் ஒளிவுமறைவின்றி வாழ்தற்கு இடமாயிருந்தன. ('ஓரினச்சேர்க்கையாளர்' என்னும் சொல் மாந்தரை ஒரு செயலளவில் குறுக்கிக் காட்டுதலின் அதனை யாம் ஆளவில்லை.) 1981 சூனில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவர்க்கு உண்டான அரியதொரு நுரையீரல் நோய் பற்றிய குறிப்பு அமெரிக்க நோய்த்தடுப்பு நடுவத்தின் வார ஏட்டில் வெளிவந்தது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிவிப்பு அதுவே. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் காம்பெல் தம் பாதங்களில் செந்நீலப் புள்ளிகளைக் கண்டார். அக்டோபரில் மருத்துவர் அதனைக் கபோசி சர்கோமா என்னும் புற்று எனத் துணிந்தனர்.

அந்நாளில் இந்நோய் கண்டார் பலர் மறைந்து வாழ்ந்தனர். வேலையும் உறைவிடமும் உறவும் ஒருங்கே போய்விடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். காம்பெல் செய்தது வேறு. தம் உடற்புள்ளிகளின் ஒளிப்படங்களைக் காஸ்ட்ரோ தெரு மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடிச் சாளரத்தில் வழிப்போவார் காண ஒட்டுவித்தார். இத்தகைய புள்ளி உடையார் மருத்துவரை நாடுக என்பது அதன் நோக்கம். 1981 டிசம்பர் முதல் 'சென்டினல்' என்னும் உள்ளூர் இதழில் தம் நோயின் போக்கைத் தம் பெயரிலேயே எழுதத் தொடங்கினார்.

அவர் தமக்கு முதலில் சூட்டிக்கொண்ட பெயர் நகைச்சுவை உடையது. அறநிதி திரட்டுவோர் நோயுற்ற சிறுவன் ஒருவனின் படத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டு இரக்கம் வேண்டுதல் அந்நாட்டு வழக்கம். அவ்வழக்கை எள்ளித் தம்மைக் 'கபோசி சர்கோமாவின் சுவரொட்டிச் சிறுவன்' என்றார். கன்னித்துறவியர் உடை புனைந்து, அங்கதமும் அறப்பணியும் ஒருங்கே செய்த ஆடவர் குழு ஒன்றிலும் சேர்ந்தார். ஆங்கு அவர் கொண்ட பெயர் 'சிஸ்டர் பிளாரன்ஸ் நைட்மேர்'. நைட்டிங்கேல் என்னும் செவிலியர் திலகத்தின் பெயரைக் 'கெட்ட கனவு' எனத் திரித்த விளையாட்டு அது. வெறும் விளையாட்டு என்று இதனைத் தள்ளுதல் தகாது. 1982-இல் பாதுகாப்பான உடலுறவு பற்றி அக்குழு வெளியிட்ட துண்டு நூல், அத்துறையில் எழுந்த மிகப் பழைய வெளியீடுகளுள் ஒன்று. அதனை ஆக்கியதில் காம்பெலுக்குப் பங்குண்டு.

1983 சூனில் டென்வர் நகரில் நடந்த மாநாட்டில்தான் யாம் எடுத்துக்கொண்ட பொருள் முழுவடிவம் பெறுகின்றது. நோயுற்றார் ஏறத்தாழப் பன்னிருவர் ஆங்குக் கூடினர். நியூயார்க்கிலிருந்து வந்த மைக்கேல் காலன், ரிச்சர்டு பெர்கோவிட்சு ஆகியோரும் காம்பெலும் அவருள் அடங்குவர். இவர்கள் ஓர் அறிக்கை எழுதி மாநாட்டு மேடையேறிப் படித்தனர். 'டென்வர் கொள்கைகள்' என வழங்கும் அவ்வறிக்கை பெயரிலிருந்தே தொடங்குகின்றது. 'இரையானோர்' எனின் தோல்வி தொனிக்கின்றது. 'நோயாளி' எனின் செயலறுதி தொனிக்கின்றது. 'எய்ட்ஸ் உடைய மாந்தர்' என்பதே எம் பெயர் என்பது அதன் கருத்து. தம்மைப் பற்றி முடிவு செய்யும் அவைகள் அனைத்திலும் தமக்கு இடம் வேண்டும் என்பதும், மாண்புடன் வாழவும் இறக்கவும் உரிமை வேண்டும் என்பதும் தொடர்ந்து வருகின்றன. பெயரை முன்வைத்தது தற்செயல் அன்று. பெயர் மாறினாலன்றி அவையில் இடம் கிடையாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இதனை மங்கலவழக்கு என்று கூறித் தள்ளுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. சுடுகாட்டை நன்காடு என்னும் மங்கலம், அஞ்சத்தக்க பொருளை மறைக்கின்றது. டென்வர் பெயரோ நோயின் பெயரை மறைக்கவில்லை, வெளிப்படச் சொல்கின்றது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போன்ற குழூஉக்குறியும் அன்று. ஏனெனில், பிறரும் தம்மை அவ்வாறே அழைத்தல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை.

1983 ஆகஸ்டில் 'நியூஸ்வீக்' இதழின் அட்டையில் தம் துணைவரைத் தழுவிய நிலையில் காம்பெல் தோன்றினார். 1984 சூலையில் தம் நகரில் நடந்த பேரணியில் பேசினார். அதற்கு ஒரு திங்கள் கழித்து, ஆகஸ்டு 15-இல், தம் 32-ஆம் அகவையில் மறைந்தார். எச்.ஐ.வி. என்னும் பெயர் அந்நோய்க்கிருமிக்கு 1986-இல்தான் வழங்கலாயிற்று. நோயுற்றார்க்கு முடிவுகளில் பங்கு வேண்டும் என்ற கொள்கையை 1994-இல் பாரிசில் கூடிய 42 நாடுகள் ஏற்றன.

தமிழ் வழக்கிற்கு வருவோம். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியின் தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் நம் செய்தித்தாள்கள் 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் தொடரைப் பெருக வழங்கின. 2004 ஏப்ரல் தொடங்கித் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கலான பின்னும் அத்தொடர் முற்றும் ஒழிந்திலது. மருந்துண்டு பல்லாண்டு வாழ்வாரை நோக்க அது உண்மைக்கும் மாறானது.

'எய்ட்ஸால் பாதிக்கப்பட்டோர்' என்பதும் 'எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்' என்பதும் மூன்றாம் வேற்றுமைப் பொருளவே. முன்னையதில் ஆல் உருபு வினைமுதற் பொருளில் நின்று நோயைச் செய்வோனாகவும் மாந்தரைச் செயப்படுவோராகவும் ஆக்குகின்றது. பின்னையதில் உடன் என்பது உடனிகழ்ச்சிப் பொருளில் நிற்ப, வாழ்தல் என்னும் வினைக்கு மாந்தரே வினைமுதல் ஆகின்றனர். ஒடு என்னும் உருபு உயர்ந்ததன்வழி வரும் என்று தொல்காப்பியர் விதித்தலின், நோயை உயர்வாக்கியதாகாதோ எனின், ஆகாது. அவ்விதி இருபொருளும் ஒரு வினை கொள்ளுங்கால் வருவது. ஈண்டு வாழ்வார் மாந்தரேயன்றி நோயன்று.