ஆங்கிலச் சொற்களும் அவற்றின் சுற்றமும்

ஆங்கிலத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்றபின் சொல்வளத்தை மேலும் பெருக்கிக்கொள்ள விழைவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது அருஞ்சொற் பட்டியல்களையே. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என நாள்தோறும் பத்தோ இருபதோ சொற்களை உருப்போடும் இம்முறையில் செலவாகும் உழைப்பு பெரிது. கிடைக்கும் பயனோ சிறிது. சொல்லின் பொருளை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து மனத்தில் இருத்த முயல்வதே இதன் அடிப்படைக் குறை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பிடம் உண்டு, குடும்பம் உண்டு, எதனோடு சேரும் எதனோடு சேராது என்ற வழக்கம் உண்டு. இவற்றோடு அறியப்படும்போதுதான் அது படிப்பவருக்கு உரிமையாகிறது.

எத்தனை சொற்கள் தேவை என்ற கேள்விக்கு மொழியியலாளர் கணக்கிட்டே விடை கண்டுள்ளனர். அவர்கள் பயன்படுத்தும் அலகுகளுள் முக்கியமானது 'சொற்குடும்பம்'. 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிக்கல்' ஆகிய நான்கும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவையாதலால் ஒரே குடும்பமாகக் கொள்ளப்படும். வங்காளத்தில் கல்விப் பணியாற்றி, அங்குள்ள மாணவர்களின் ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்டது. நியூசிலாந்தில் பணியாற்றிய பால் நேஷன், நாவலையும் செய்தித்தாளையும் பிறர் துணையின்றிப் படித்துணர 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் கணக்கிட்டார். ஒரு பக்கத்தில் வரும் சொற்களுள் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும், அதாவது 50 சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாததாக இருக்கலாகாது என்பது அவர் கொண்ட அளவுகோல்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுகின்றனர். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் கல்விசார் எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை உருவாக்கி ஆராய்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், வெஸ்டின் பட்டியலில் இல்லாதனவும் எல்லாத் துறைகளிலும் பரவலாக வருவனவுமான 570 சொற்குடும்பங்களை 2000-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இச்சொற்களே. 'டிரைவ்டு', 'கான்ஸ்டிட்யூட்', 'கன்சிஸ்டன்ட்', 'சிக்னிஃபிகன்ட்' போன்ற இச்சொற்களில் பகட்டு ஏதும் இல்லை, இவற்றைக் கற்பிப்பாரும் அரியர். உயிரியல் ஆசிரியர் 'ஆஸ்மோசிஸ்' என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார், ஆனால் அதே வாக்கியத்தில் வரும் 'கான்ஸ்டிட்யூட்' என்ற வினைச்சொல் தமக்குரிய பாடமன்று என்று கடந்துவிடுகிறார். ஆங்கில ஆசிரியரோ அது அறிவியல் பாடத்தில் வருவதென்று கருதிவிடுகிறார். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பாடநூலைப் புரிந்துகொள்ள இயலாமல் தம் அறிவையே ஐயுறுவதற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம் என்பது வருந்தத்தக்கது. அயல்நாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதப்படுவதும் அருஞ்சொல் மனப்பாடத்துக்குப் பேர்போனதுமான ஜி.ஆர்.இ. தேர்வுகூட 2011-இல் எதிர்ச்சொல் வினாக்களையும் சொல்லொப்புமை வினாக்களையும் கைவிட்டு, வாக்கியச் சூழலில் சொல்லறிவைச் சோதிக்கும் வினாக்களுக்கு முதன்மை தந்துவிட்டது.

ஆங்கிலச் சொற்களின் இயல்பை அறிய அம்மொழியின் வரலாறு பெரிதும் உதவும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செலுத்த, உழவரும் தொழிலாளரும் பழைய ஆங்கிலத்தையே பேசினர்; விலங்கை மேய்த்தவரின் மொழியில் 'கவ்', 'ஷீப்' என்று வழங்கியவை ஆண்டோரின் உணவு மேசையில் 'பீஃப்', 'மட்டன்' ஆயின. தமிழகத்து உணவகப் பலகைகளில் இன்று காணப்படும் 'மட்டன்' இவ்வழி வந்த பிரெஞ்சுச் சொல்லே. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்களை நேரே எடுத்தாள, ஒரே கருத்துக்கு மூன்று தளங்களில் சொற்கள் அமைந்தன. கேட்டல் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' எளியது, பிரெஞ்சு வழி வந்த 'கொஸ்டின்' சற்றே முறைமை கொண்டது, இலத்தீன் வழி வந்த 'இன்டராகேட்' காவல்துறை விசாரணையின் கடுமையை உடையது. சோறு, சாதம், அன்னம் ஆகிய மூன்றும் ஒன்றையே குறித்தாலும் எவ்விடத்தில் எது பொருந்தும் என்பதைத் தமிழர் எவரும் கற்பிக்காமலே அறிவர். ஆங்கிலத்திலும் அத்தகைய உணர்வைப் பெறுவதையே உயர்நிலைத் தேர்ச்சி என்று சொல்லத்தகும். 'ஆஸ்க்' போதுமான இடத்தில் அரிய சொல்லைப் பெய்து எழுதுவது அத்தேர்ச்சி இன்மையையே காட்டும்.

இலத்தீன், கிரேக்க வேர்களை அறிவது மற்றொரு பெருந்துணை. 'ஸ்பெக்ட்' என்ற வேர் பார்த்தலைக் குறிப்பது. உள்ளே நோக்கி ஆராய்பவர் 'இன்ஸ்பெக்டர்', பார்வையாளர் 'ஸ்பெக்டேட்டர்', பின்னோக்கிப் பார்ப்பது 'ரெட்ராஸ்பெக்ட்'. 'சர்கம்' என்பது சுற்றிலும் என்று பொருள்படும் முன்னொட்டு, அதாவது சொல்லின் முன்னே ஒட்டும் உறுப்பு. எனவே 'சர்கம்ஸ்பெக்ட்' எனப்படுபவர் சுற்றும் முற்றும் பார்த்து நடப்பவர், எச்சரிக்கையானவர். இத்துறையில் தமிழ்வழி மாணவருக்கு எவரும் சுட்டிக்காட்டாத செல்வம் ஒன்று உண்டு. 'டெலஸ்கோப்' தொலைநோக்கி என்றும், 'மைக்ராஸ்கோப்' நுண்ணோக்கி என்றும், 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஒளிச்சேர்க்கை என்றும் அமைந்தபோது, கலைச்சொல் ஆக்கியோர் அச்சொற்களின் கிரேக்க உறுப்புகளையே தமிழில் பெயர்த்துக் கோத்தனர். ஆதலால் தமிழ்க் கலைச்சொல்லைப் பிரித்தறியத் தெரிந்தவருக்கு 'டெலி', 'மைக்ரோ', 'ஸ்கோப்', 'ஃபோட்டோ' ஆகிய உறுப்புகளின் பொருள் ஏற்கெனவே கைவந்துள்ளது. எனினும் வேர் எப்போதும் வழிகாட்டும் என்று நம்பிவிடலாகாது; இன்று இனிமையானதைக் குறிக்கும் 'நைஸ்' அறியாமையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பொருள் அறிந்தபின்னும் சொல்லைப் பிழையாக ஆள்வதற்குக் காரணம் அதன் கூட்டாளிகளை அறியாமை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும் என்று பள்ளியில் மரபுச்சொற்களாகக் கற்பவை போன்ற சேர்க்கைகள் எல்லா மொழிக்கும் உரியவை. விளைவித்தலைக் குறிக்கும் 'காஸ்' என்ற ஆங்கில வினைச்சொல் அகராதியில் நடுநிலையானதாகத் தோன்றினும், வழக்கில் சேதம், தொல்லை, கவலை, விபத்து போன்ற தீயவற்றோடே பெரும்பாலும் சேர்கிறது. தமிழில் நன்மையும் விளைவிக்கலாம், தீமையும் விளைவிக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற இருமொழிப் பட்டியல் இத்தகைய வேறுபாடுகளை மறைத்துவிடும். 'ஹெசிடன்ட்', 'ரிலக்டன்ட்' ஆகிய இரண்டுக்கும் தயக்கம் என்றே பொருள் எழுதப்படுகிறது; முன்னது தெளிவின்மையால் வரும் தயக்கம், பின்னது விருப்பமின்மையால் வரும் தயக்கம். இவ்வகை நுட்பங்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தரும் கற்போர் அகராதிகளுக்கு முன்னோடி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் அங்கு வெளியிட்ட அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக இன்றும் அது புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

நினைவாற்றலைப் பொறுத்தவரை, கற்றதில் பெரும்பகுதி மிக விரைவில் மறக்கப்படுகிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து காட்டினார். ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி, ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். தமிழ் மரபு மனப்பாடத்தைப் புறக்கணித்ததில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது. திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட நிகண்டுகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்துச் செய்யுளில் கோத்துத் தந்ததால், ஒவ்வொரு சொல்லும் தன் சுற்றத்தோடே நினைவில் பதிந்தது. பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட ஆங்கிலத் 'தெசாரஸ்' நூலும் பொருள்வகையாலேயே சொற்களைத் தொகுத்தது.

இத்தகைய சுற்றத்தை இன்று எளிதாகப் பெற, ஒரே பொருள் குறித்துச் சில வாரங்கள் தொடர்ந்து படிக்கும் குறுகிய வாசிப்பு என்னும் முறை உதவும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலைச் செய்திகளை மட்டும் நாள்தோறும் ஆங்கிலத்தில் படிப்பவர், காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைக் குறிக்கும் 'டிப்ரெஷன்' என்ற சொல்லை, அது உருவாகும், வலுப்பெறும், நகரும், கரையைக் கடக்கும், வலுவிழக்கும் என்னும் வினைகளோடு சேர்த்தே பலமுறை சந்திப்பார். பின்னர் ஒருநாள் மருத்துவக் கட்டுரையில் மனச்சோர்வைக் குறித்தும், 1929-க்குப் பிந்தைய பொருளாதாரப் பெருமந்தத்தைக் குறித்தும் அதே சொல் எதிர்ப்படும்போது, கீழே அழுத்துதல் என்ற அதன் இலத்தீன் வேர் மூன்று இடத்திலும் ஒன்றாக நின்று பொருளைக் காட்டிவிடும்.